பைக் மீன்பிடிப்புக்கு ஏற்ற தூண்டில் கருவிகள்

இங்கிலாந்தின் ஏரிகளிலும் கால்வாய்களிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் வாழும் வேட்டை மீன்களுள் பைக் முதன்மையானது. நீர்ச்செடிகளின் ஓரத்தில் அசையாமல் காத்திருந்து, இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் பாய்ந்து கவ்வும் இந்த மீனின் வாயில் நூற்றுக்கணக்கான பற்கள் இருக்கின்றன. கீழ்த்தாடையின் ஓரப் பற்கள் சாதாரண நைலான் நரம்பை நொடியில் அறுத்துவிடும். அதனால்தான், கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படும் பளபளப்பான தூண்டில் கோலிலிருந்து தேர்வைத் தொடங்காமல், மீனின் வாயிலிருந்து தொடங்கிக் கைப்பிடியை நோக்கி வர வேண்டும் என்கிறேன்.

முதலில் வாங்க வேண்டியது, தூண்டில் முள்ளுக்கும் நரம்புக்கும் இடையே வரும் மெல்லிய எஃகுக் கம்பி. இதை ட்ரேஸ் என்பார்கள். பல இழைகளை முறுக்கிச் செய்த, ஏறத்தாழ 30 பவுண்டு தாங்கும் கம்பி போதுமானது. ஆனால் நீளம் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இரையைக் கவ்விய மீன் திரும்பும்போது குட்டையான கம்பியைத் தாண்டிப் பற்கள் நரம்பில் பட்டுவிடும். தடித்த ஃபுளோரோகார்பன் நரம்பே போதும் என்று வாதிடுவோர் உண்டு. அதுவும் அறுபடக்கூடியது என்பதாலும், அறுந்தால் முட்களோடு நீந்தப்போவது மீன்தான் என்பதாலும் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. கம்பியில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டால் அந்த இடமே பலவீனமான இடமாகிவிடும் ஆதலால், நீவிச் சரிசெய்ய முயலாமல் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றைக் கட்டுவது நல்லது.

செத்த மீனை இரையாக வைப்பவர்கள் வழக்கமாக ஒரு ட்ரேஸில் 6 அல்லது 4 எண் அளவுள்ள இரண்டு மும்முனை முட்களைக் கட்டுகிறார்கள். மூன்று முனைகளுள் ஒன்றில் மட்டும் பின்னோக்கிய சிறு நாக்கு உள்ள முட்கள் கடைகளில் கிடைக்கின்றன. நாக்குள்ள முனையை இரையில் குத்தி, நாக்கில்லாத மற்ற இரண்டையும் வெளியே விட்டால், இரையும் நழுவாது, பிடிபட்ட மீனின் வாயிலிருந்து முள்ளும் எளிதில் கழன்றுவரும். மேல் முள்ளை இரையின் வால் அடியிலும் மற்றதை அதன் விலாவிலும் பொருத்த வேண்டும். பைக் இரையைத் தலைப்பக்கமாகவே விழுங்கும். மத்தி, மாக்கரல், ஹெர்ரிங், ஸ்மெல்ட் ஆகியவை நன்கு பயன்படும். மத்தி மிகவும் மென்மையானது; உறைந்த நிலையிலேயே வீசாவிட்டால் காற்றிலேயே பிய்ந்து போகும்.

நரம்பைப் பொறுத்தவரை, அடித்தளத்தில் கல்லும் சிப்பியும் நிறைந்த இடங்களில் உராய்வைத் தாங்கும் 15 பவுண்டு நைலானும், செடிகள் அடர்ந்த இடங்களில் 50 பவுண்டு பின்னல் நரம்பும் பொருந்தும். பின்னல் நரம்பு ஏறக்குறைய நீளவே நீளாது. ஆகவே தொலைவில் நிகழும் சிறு கடியும் கைக்குத் தெரியும். ஆனால் நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலில், நரம்பு வெளியேறுவதைத் தடுக்கும் பிடியை இறுக்கமாக வைத்திருந்தால் மீன் திடீரென ஓடும்போது முள் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

இனிக் கோல். செத்த இரைக்கு 12 அடி நீளமும் 2.75 முதல் 3 பவுண்டு வரை வளைவு எடையும் கொண்ட கோல் பெரும்பாலான நீர்நிலைகளுக்கு ஏற்றது. நுனி, கைப்பிடிக்குச் செங்கோணமாக வளைவதற்கு எவ்வளவு எடை வேண்டுமோ, அதுவே வளைவு எடை. இதைவிட விறைப்பான கோல் தூரமாக வீச உதவும் என்றாலும், கரையருகே மீன் தலையை உதறும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளாது. செயற்கை இரையை வீசி இழுப்பவருக்கு 7 முதல் 9 அடிக் கோலும் குறைந்தது 30 பவுண்டு பின்னல் நரம்பும் வேண்டும். கனமான இரையை வேகமாக வீசும்போது மெல்லிய நரம்பு வீச்சிலேயே அறுந்துவிடும். ரீலுக்கு 4000 முதல் 6000 வரையிலான அளவு எண் போதும்.

கடியை அறிவிக்கத் தக்கையோ, நரம்பு தளர்ந்ததும் விழும் காட்டியோ கட்டாயம் வேண்டும். காட்டி அசைந்த உடனே கோலை உயர்த்திவிட வேண்டும். தாமதித்தால் முள் தொண்டைக்குள் போய்விடும். எடைக்குண்டு வாங்கும்போது சட்டத்தையும் நினைவில் கொள்க. 0.06 கிராமுக்கும் 28.35 கிராமுக்கும் இடைப்பட்ட ஈயக் குண்டுகள், அவற்றை விழுங்கி அன்னப்பறவைகள் இறந்ததால் 1980களில் தடைசெய்யப்பட்டன.

புதியவர்கள் பணம் மிச்சம்பிடிப்பது பெரும்பாலும் மீனைக் கரையேற்றும் கருவிகளில்தான். மிச்சம்பிடிக்கவே கூடாத இடமும் அதுதான். 42 அங்குல வாய் கொண்ட, ரப்பர் பூசிய வலை. மீனைக் கிடத்த நனைத்துப் பயன்படுத்தும் தடித்த மெத்தை. 12 அங்குல நீள இடுக்கி. முள்ளையே வெட்டக்கூடிய வலுவான குறடு ஆகிய நான்கும் கையில் இல்லாமல் முதல் வீச்சையே வீசக் கூடாது. தோற்றத்தில் முரடாக இருந்தாலும் பைக் தண்ணீருக்கு வெளியே மிக விரைவில் சோர்ந்துவிடும் மீன். வெப்பமான நீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கும் கோடையில் பிடித்தால், விட்ட பிறகும் இறந்துபோகலாம் என்பதால், அனுபவமுள்ளோர் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான குளிர்காலத்திலேயே இதைத் தேடிச் செல்கிறார்கள். முள்ளை எடுக்கும்போது விரல்களைச் செவுள் மூடியின் ஓரமாக உள்ளே நுழைத்து, சிவந்த செவுள்களைத் தொடாமல் கீழ்த்தாடையைப் பிடித்தால் வாய் தானே திறக்கும். இதை முதன்முறை அனுபவமுள்ள ஒருவர் அருகிலிருந்து காட்டித் தருவது நல்லது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 13 வயதும் அதற்கு மேலும் ஆனோர் தூண்டில் உரிமம் வைத்திருக்க வேண்டும்; மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் பைக் பிடிக்கக் கூடாது. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் உயிருள்ள மீனை இரையாக வைப்பதற்குத் தடை உண்டு. செலவைக் குறைக்க நினைப்பவர் கோலையும் ரீலையும் ஒருமுறை பயன்படுத்தியவையாக வாங்கலாம். நரம்பு, கம்பி, முள் ஆகிய மூன்றையும் புதிதாகவே வாங்க வேண்டும்.