"இதைக் கேளு, செமயா இருக்கும்"னு சொல்றதுக்கு முன்னாடி

போன வாரம் ஒரு தம்பி இன்னொருத்தனுக்கு பாட்டு சிபாரிசு பண்றதை பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருந்தேன். "யாருக்கும் தெரியாத நல்ல ராப் ஏதாவது இருந்தா சொல்லேன்"னு அவன் கேட்டதுதான் தாமதம், நம்ம தம்பி போனை எடுத்து மடமடன்னு 23 லிங்க் அனுப்பிட்டான். வாங்கினவன் "ஓ சூப்பர், கேக்குறேன்"ன்னான். அந்த "கேக்குறேன்" எந்த மாதிரி "கேக்குறேன்"னு எனக்கு நல்லாவே தெரியும், ஏன்னா பல வருஷமா இதே வேலையைப் பார்த்து நான் சம்பாதிச்சது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

லிங்க்கா கொட்டாதீங்க, அடுத்தவங்க டேஸ்ட்டை மட்டம் தட்டாதீங்க, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், விடுங்க. தெரியாமலே பண்ற தப்புங்கதான் ஆளைக் கவுக்குது.

நமக்கு உசுரான ஆல்பத்தையே முதல்ல நீட்டுறது

இதை நினைச்சா இன்னிக்கும் எனக்கு என் மேலயே கடுப்பு வரும்.

ஃப்ரெண்டு ஒருத்தன், ஹிப்-ஹாப்னா அவனுக்கு முதல்ல பேஸ், கார் கதவு அதிரணும், வரி கிரி எல்லாம் அப்புறம்தான். அவன்கிட்ட போய் நான் "கா"வை சிபாரிசு பண்ணேன். கா யாருன்னா நியூயார்க்ல ப்ரௌன்ஸ்வில் பக்கத்து ராப்பர், தீயணைப்புத் துறையில கேப்டனா இருந்தவர், பெரிய லேபிள், அதாவது மியூசிக் கம்பெனி, எதுவும் கிடையாது, தானே எழுதி, நிறைய பாட்டுக்கு பீட்டும் தானே பண்ணி, தானே வெளியிட்டு, தானே வித்தவர். குரலை உயர்த்தவே மாட்டார், பக்கத்து ரூம்ல குழந்தை தூங்குற மாதிரி மெதுவா காதோரம் பேசுவார். ட்ரம்ஸ் ரொம்பக் கம்மி, பல பாட்டுல இருக்கான்னு தேடணும்.

அதுலயும் நான் எடுத்துக் கொடுத்தது எது? 2015ல ப்ரிசர்வேஷன்ங்கிற தயாரிப்பாளரோட சேர்ந்து பண்ண "டேஸ் வித் டாக்டர் யென் லோ". ஒரு பழைய படத்துல மூளைச்சலவை பண்ற டாக்டரோட பேர்தான் யென் லோ, பாட்டுத் தலைப்பெல்லாம் "டே 0", "டே 3" இந்த ரகம். எனக்கே அது பிடிபட எத்தனை நாளாச்சு! முதல் தடவை கேட்டப்போ தூங்கிட்டேன். அப்புறம் ஏழெட்டு தடவை ஹெட்போன்ல கேட்டு, வரியை வச்சுப் படிச்சு, ஒரு வரிக்கு ரெண்டு மூணு அர்த்தம் இருக்கிறதைக் கண்டுபிடிச்சு, அப்புறம்தான் பைத்தியமானேன். அத்தனை நாள் பாடுபட்டு எனக்கு வந்த சந்தோஷம் அவனுக்கு முதல் நாளே, அதுவும் ட்ராஃபிக்ல ஹாரன் சத்தத்துக்கு நடுவுல வந்துடணும்னு எதிர்பார்த்தேன் பாருங்க.

முதல் பாட்டுல "பீட் எப்ப வரும்?"னு கேட்டான். ரெண்டாவதுல "இதுலயாவது வருமா?" மூணாவதுல "எல்லாத்துக்கும் பேரு டே தானா, எந்த டேல பீட் வரும்னு சொல்லு, நேரா அங்கயே போயிடுறேன்". நானும் சிரிச்சுட்டு "பொறு, வரிகளைக் கவனி"ன்னு வாத்தியார் மாதிரி சொல்லிட்டு இருந்தேன். நாலாவது பாட்டு பாதியில ப்ளூடூத்தை அவன் போனுக்கு மாத்திட்டு, "மச்சி, உன் காவோட நான் கா"ன்னுட்டான். சின்ன வயசுல சண்டை போட்டா கா விடுவோமே, அந்தக் கா.

இதுல நஷ்டம் எனக்கோ அவனுக்கோ இல்ல. பெரிய ஸ்டாரோட ஒரு பாட்டு பிடிக்கலைன்னா பரவாயில்ல, அடுத்த பாட்டு விளம்பரத்துலயோ ரீல்ஸ்லயோ யார் கல்யாணத்துலயோ தானா வந்து காதுல விழும், மனசு மாற பத்து சான்ஸ் கிடைக்கும். சின்ன ஆர்ட்டிஸ்ட்டுக்கு அந்த வசதி இல்ல, அவருக்கு ரேடியோவே நீங்கதான். நீங்க சொதப்பினா அந்தக் காதுல அந்தப் பேர் திரும்ப விழ வேற வழியே கிடையாது.

நான் பண்ணியிருக்க வேண்டியது ரொம்ப சிம்பிள். அதே காவோட 2012 ஆல்பம் "கிரீஃப் பெடிகிரி", அதுல ட்ரம்ஸ் காதுக்குத் தெரியுற மாதிரி இருக்கும், அதுலேர்ந்து ஒரே ஒரு பாட்டு, அவ்ளோதான். எதுவும் சொல்லாம ஓட விட்டிருந்தா அவனே "இது யாருடா"ன்னு கேட்டிருப்பான், கேக்காமலும் போயிருக்கலாம், ஆனா கதவு மூடியிருக்காது.

2024 அக்டோபர்ல கா இறந்துட்டார், 52 வயசு. நியூஸைப் பாத்ததும் அவனுக்கு அந்தப் பாட்டோட லிங்க்கைப் போட்டு ஒரு மெசேஜ் டைப் பண்ணேன், அப்புறம் அழிச்சுட்டேன். செத்தவரைக் காட்டி பழம் விடச் சொல்ற மாதிரி இருந்துச்சு. இன்னிக்கும் நான் எதைச் சொன்னாலும் அவன் முதல்ல கேக்குறது "ட்ரம்ஸ் இருக்கா?"

இண்டிலயும், அதாவது பெரிய கம்பெனி தயவு இல்லாம வர்ற பாட்டுங்கள்லயும், இதே கதைதான். "தூங்கறதுக்கு முன்னாடி கேக்க ஒரு பாட்டு சொல்லு"ன்னு ஒருத்தங்க கேட்டதுக்கு நான் அனுப்புனது மைக்ரோஃபோன்ஸ்ங்கிற பேண்டோட "மைக்ரோஃபோன்ஸ் இன் 2020". ஒரு பாட்டுதான், பொய் சொல்லல, நீளம் 44 நிமிஷம் 44 செகண்ட். ஆரம்பத்துல பல நிமிஷத்துக்கு கிட்டார் மட்டும் ஒரே மாதிரி ஓடிட்டே இருக்கும், எனக்கு அதுதான் சொர்க்கம், அவங்க போன் ஹேங் ஆயிடுச்சுன்னு நினைச்சாங்களாம்.

அதனால இப்பல்லாம் "என்ன ஜானர் பிடிக்கும்"னு கேக்குறதையே விட்டுட்டேன், அதுக்கு எல்லாரும் சொல்ற பதில் "எல்லாமே கேப்பேன்". இந்த வாரம் எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டீங்கன்னு கேக்குறேன், அதுல அவங்களை இழுத்தது குரலா, பேஸா, வரியான்னு பாத்து அந்த ஒண்ணு இருக்கிற பாட்டா எடுத்துக் கொடுக்குறேன்.

"அடுத்த கென்ட்ரிக் இவர்தான்"

அப்படிச் சொன்னதுமே கேக்குறவங்க மனசுல தராசு வந்துடுது. கென்ட்ரிக் லமார்னா 2018ல புலிட்சர் விருதே வாங்கின ராப்பர், அவரோட வீட்டு பெட்ரூம்ல ரெக்கார்ட் பண்ற பையனை ஒரே தட்டுல வச்சா அவன் தோக்கத்தான் செய்வான். பதிலா பாட்டுல என்ன நடக்குதுன்னு சொல்லுங்க, "ரெண்டாவது வெர்ஸ்ல பீட் நிக்கும், அவர் மட்டும் பேசிட்டே போவார்"னு சொன்னா போதும், அந்த இடம் வர்ற வரைக்கும் காத்திருப்பாங்க.

எல்லாரும் கொண்டாடுறதை அண்டர்ரேட்டட்னு சொல்றது

எம்எஃப் டூமும் மேட்லிப்பும் சேர்ந்து பண்ண "மேட்வில்லனி" ராப் ஆல்பம் 2004லேர்ந்து கொண்டாட்டத்துல இருக்கு. நீங்க லேட்டு.

வியூஸ் கம்மின்னு பெருமைப்படுறது

"இதுக்கு வெறும் 600 ப்ளேதான் தெரியுமா"ன்னு மீசையை முறுக்குறவங்களைப் பாத்தா பாவமா இருக்கும். ஸ்பாட்டிஃபைல 2024லேர்ந்து, முந்தின 12 மாசத்துல 1,000 ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்கு ரெக்கார்டிங் ராயல்டியே கிடையாது, 30 செகண்ட் ஓடுறதுக்கு முன்னாடி ஸ்கிப் பண்ணா அது ஸ்ட்ரீமாவே கணக்குல வராது. நீங்க ரகசியம் மாதிரி பொத்தி வச்சிருக்கிற பாட்டு அந்த ஆளுக்கு பத்து பைசா கொடுக்கல. கூச்சப்படாம பரப்புங்க.

எங்க கிடைக்கும்னு பாக்காம சொல்றது

டி லா சோல்ங்கிற ஹிப்-ஹாப் குழுவைப் பத்தி ஒரு தடவை ஒரு மணி நேரம் பேசியிருக்கேன். கேட்டவங்க வீட்டுக்குப் போய் ஆர்வமா தேடினா ஆல்பமே இல்ல, யாரோ பண்ண கரோக்கி மாதிரி ஒண்ணு வந்திருக்கு, "இதுக்கா இவ்ளோ பில்டப்"புன்னு முடிச்சுட்டாங்க. 1989ல வந்த முதல் ஆல்பத்துலேர்ந்து அவங்க போட்ட சாம்பிளுக்கெல்லாம் (மத்தவங்க பாட்டுலேர்ந்து வெட்டி எடுத்துப் போட்ட துண்டு) உரிமைப் பிரச்சனை, பழைய ஒப்பந்தமெல்லாம் ரெக்கார்டு, கேசட் காலத்துக்கு எழுதினது, அதனால அந்த ஆல்பங்க ஸ்ட்ரீமிங்குக்கு வந்ததே 2023 மார்ச் 3தான். சாம்பிள் அடிச்ச பழைய ஹிப்-ஹாப், இலவசமா விட்ட மிக்ஸ்டேப், இதுல பலதுக்கு இந்தச் சிக்கல் உண்டு. முதல்ல நீங்க தேடிப் பாருங்க. ஆர்ட்டிஸ்ட்டுங்க நேரடியா பாட்டு விக்கிற பேண்ட்கேம்ப் சைட்ல இருந்தா அந்த லிங்க்கைக் கொடுங்க, டிஜிட்டல் விற்பனையில அவங்க எடுத்துக்குறது 15 சதவீதம், பேமெண்ட் கட்டணம் போக மிச்சம் பாடினவருக்கு.

ஷஃபிள்

பீட் தயாரிப்பாளர் ஜே டில்லாவோட "டோனட்ஸ்" (2006) ஆல்பம் 31 டிராக், முதல் டிராக் பேரே "அவுட்ரோ", அதாவது முடிவுரை, கடைசி டிராக் சுத்தி வந்து முதல் டிராக்கோட ஒட்டிக்கும். அதை ஷஃபிள்ல போட்டா மனுஷன் பண்ண வேலையெல்லாம் காலி. முன்னாடியே சொல்லிடுங்க.

பக்கத்துல உக்காந்து மூஞ்சியைப் பாக்குறது

வேணாம். எந்திரிச்சுப் போயிடுங்க.

"கேட்டியா?"

ஒரு தடவை கூட கேக்காதீங்க. பிடிச்சிருந்தா ராத்திரி 1 மணிக்கு அவங்களே மெசேஜ் பண்ணுவாங்க. மெசேஜ் வரலைன்னா கேக்கல, இல்லாட்டி கேட்டுட்டு உங்க மனசு நோகக் கூடாதுன்னு சும்மா இருக்காங்க. நம்ம தம்பி இதுக்குள்ள ரெண்டு தடவை கேட்டாச்சாம்.