ஓரியின் வாரிசு வாளை உருவலாமா? வில்லாளியாக ஆடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையிலோ ஈரோட்டிலோ நாலு பேர், ஆளுக்கொரு பாத்திரமாகி டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட உட்கார்ந்தால், ஒருவராவது வல்வில் ஓரியின் வாரிசாக வருவார். வராமல் எப்படி? ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பையும் தைத்தான் என்று சங்கப் புலவர் பாடிய கொல்லிமலைத் தலைவன் அவன். ஆனால் கோப்ளின் என்ற குட்டி அரக்கன் ஒன்று பக்கத்தில் வந்து நின்றால் போதும், “வில்லை வெச்சுட்டு வாளை எடுத்துக்கறனுங்க” என்பார் அந்த வாரிசு.

இதைவிடப் பெரிய தவறு வில்லாளிக்கு இல்லை. விளையாட்டின் 2014 விதிகளை வைத்தே கணக்குப் போடலாம். ஐந்தாம் லெவல், டெக்ஸ்டெரிட்டி (லாவகம்) 18, ஸ்ட்ரெங்த் (உடல்வலிமை) 10, வில்லுக்குக் கூடுதல் எண் தரும் ஆர்ச்சரி ஸ்டைலும் உண்டு. 20 பக்க டைஸில் விழும் எண்ணோடு லாங்போவுக்கு (நெடுவில்) +9 கிடைக்கும். லாங்ஸ்வார்டு (நீள்வாள்) ஸ்ட்ரெங்த்தைத்தான் பார்க்கும்; அதற்கு வெறும் +3. கோப்ளினின் ஆர்மர் கிளாஸ், அதாவது அடி படுவதற்கு எட்ட வேண்டிய எண், 15. அது 5 அடிக்குள் நிற்பதால் வில்லுக்கு டிஸ்அட்வான்டேஜ். டைஸை இரண்டு முறை உருட்டிச் சின்ன எண்ணை எடுக்க வேண்டும். அப்படியும் அம்பு படும் வாய்ப்பு 56 சதவீதம், வாளுக்கோ 45தான். பட்டால் அம்பின் சராசரிச் சேதம் 8.5, வாளின் சேதம் 4.5. மூக்குக்கு நேரே நிற்கிறவனையும் அம்பால் அடிப்பதே லாபம்.

சரி, இடுப்பில் ஒன்றுமே வேண்டாமா? ரேப்பியர் என்ற மெல்லிய கூர்வாள் வைத்துக்கொள்ளுங்கள். அது டெக்ஸ்டெரிட்டியில் ஓடுவதால் +7 கிடைக்கும், 65 சதவீதம் படும். கோப்ளின் விடாமல் ஒட்டிக்கொண்டே நின்றால் இதுதான் மேல். ஆனால் அடுத்த சுற்றில் அது ஓடிவிட்டால், கீழே போட்ட வில்லைக் குனிந்து தேட வேண்டியிருக்கும்.

டிஸ்எங்கேஜ் (அடி வாங்காமல் விலகும் செயல்) செய்யாமல் பின்வாங்குவதும் வேண்டாம். முதுகில் ஓர் அடி இலவசமாக விழும். ரோக் (திருட்டு வித்தைக்காரர்) என்றால் இரண்டாம் லெவலிலிருந்தே கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில் நழுவிவிடலாம். அப்புறம், நண்பனின் முதுகுக்குப் பின்னால் நின்று எய்தால் எதிரிக்கு ஆர்மர் கிளாஸ் 2 கூடிவிடும். இரண்டடி தள்ளி நிற்க யாருக்கும் மனசு வருவதில்லை!

வில்லாளி என்றாலே ஒல்லிக்குச்சியாக வரைகிறவர்களுக்கு ஒரு தகவல். 1545இல் மூழ்கிய இங்கிலாந்துப் போர்க்கப்பல் மேரி ரோஸிலிருந்து எடுத்த விற்களை முழுதாக வளைக்க 100 முதல் 185 பவுண்டு வரை இழுவிசை தேவைப்பட்டிருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். தறிப்பட்டறையில் பாவு உருளை தூக்குகிற தோள் வேண்டும். விதிப்புத்தகம் இதைக் கண்டுகொள்ளாததால் ஸ்ட்ரெங்த் 8 உள்ளவரும் லாங்போ எய்கிறார். படமாவது சரியாக இருக்கட்டும்.

டிஎம்மாக (கதையை நடத்துபவராக) இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 150 அடி எய்யும் வில்லைக் கையில் கொடுத்துவிட்டு, எல்லாச் சண்டையையும் 30 அடி அறைக்குள் வைத்தால் அவர் வாளைத் தேடத்தான் செய்வார். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. எதிரியை அடிவாரத்திலிருந்து ஏறிவர விடுங்கள், வில்லாளியை நாலு வளைவு மேலே உட்கார வையுங்கள்.