பெற்றோர் குழுவில் ‘நாளை’ என்று எழுதாதீர்கள்

‘நாளை பள்ளிக்கு விடுமுறை.’ திங்கள் இரவு வந்த இந்தத் தகவல் செவ்வாய் மாலையும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும். எந்த நாளை? அதை நம்பிப் புதன்கிழமையும் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள்.

தலைமை ஆசிரியர்களே, முதல் வரியிலேயே தேதி, கிழமை, பள்ளியின் பெயர் மூன்றையும் எழுதிவிடுங்கள். ‘12.11.2025, புதன், மேலத்தெரு தொடக்கப் பள்ளி: மழை காரணமாக விடுமுறை.’ இதை யார் எப்போது ஃபார்வர்டு செய்தாலும் குழப்பம் வராது. மழை விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர் என்பதால், அவருடைய அறிவிப்பைப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

பலருக்கும் தெரியாத இன்னொன்று: ஒரே தகவலைப் பலருக்கும் தனித்தனியாகக் கொண்டுசேர்க்கும் வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் பட்டியல் வழியாக அனுப்பினால், உங்கள் எண்ணைப் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் தகவல் போகும். ஆகவே சேர்க்கை நாளன்று, அம்மாவோ அப்பாவோ எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே பள்ளி எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள். குழுவாக வைத்திருந்தால், அட்மின் மட்டும் பதிவிடும்படி மாற்றிவிடுங்கள். காலை வணக்கப் படங்களுக்கு அடியில் தேர்வு அட்டவணை புதைந்துபோவதைப் பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

சுற்றறிக்கையைச் சாய்வாகப் படம்பிடித்துப் போட வேண்டாம். சின்னத் திரையில் அந்த எழுத்தைப் படிக்கவே முடியாது. நாலு வரி தட்டச்சு செய்து, கூடவே அரை நிமிடம் பேசி அனுப்புங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் கேட்டுக்கொள்வார். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு வகுப்புவாரியாகத் தனிப்பட்டியல் போட்டு எஸ்எம்எஸ் அனுப்புங்கள்.