பிள்ளைக்காகப் பாடசாலையில் கதைக்க ஆள் பிடிக்கும்போது விடக்கூடாத பிழைகள்

என் மகனுக்கு எழுத்துக் கூட்டி வாசிப்பதில் சிக்கல் இருக்கிறது என்று தெரிந்தபோது அவன் தரம் 3. அதற்கு முந்திய ஒரு வருடம் முழுக்க அவனுடைய கொப்பியில் "கவனம் இல்லை" என்று சிவப்புப் பேனையில் எழுதி வந்துகொண்டே இருந்தது. அப்புறம் பாடசாலையோடு பேசவும் அதற்கு ஆள் பிடிக்கவும் இரண்டு வருடம் அலைந்தோம். அந்த அலைச்சலில் நாங்கள் விட்ட பிழைகளையும், கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எங்களைப் போலவே அலைந்த பெற்றோர் சொன்னவற்றையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அநேகமாக எல்லோரும் முதலில் விடும் பிழை, இணையத்தில் பார்த்ததை அப்படியே நம்புவது. வீடியோக்களில் வரும் "அட்வகேட்" அமெரிக்காவைச் சேர்ந்தவர். அங்கே 1975இல் வந்து பின்னர் திருத்தப்பட்ட ஒரு கல்விச் சட்டம் இருக்கிறது. விசேட தேவையுள்ள பிள்ளைக்கு அரச பாடசாலை ஐஇபி எனப்படும் தனியாள் கல்வித் திட்டம் எழுத வேண்டும், பெற்றோரையும் கூட்டத்தில் உட்கார வைக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். அந்தக் கூட்டத்தில் பெற்றோர் பக்கம் இருந்து பேசுபவர்தான் அட்வகேட். அவர் சட்டம் படித்தவராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு தகப்பன் அந்த அமெரிக்கப் படிவத்தை அச்சடித்துக் கொண்டுபோய் அதிபரிடம் நீட்டினார். அதிபர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்தச் சுற்றுநிருபம்?" என்று கேட்டார். தகப்பனிடம் பதில் இல்லை. அத்தோடு அன்றைய கூட்டம் முடிந்துவிட்டது.

இலங்கையில் நம்மிடம் இருப்பவை வேறு. வலுவிழந்தவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வலுவிழந்தவர் என்ற காரணத்துக்காக எந்தக் கல்வி நிறுவனமும் அனுமதியில் பாகுபாடு காட்ட முடியாது. காட்டினால் மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்திருக்கிறது. நீங்கள் அமர்த்தப்போகும் ஆளுக்கு இவை தெரிகிறதா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். முழித்தால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது, எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் ஓடுவது. கொழும்பில் தேசியப் பாடசாலை கல்வி அமைச்சின் கீழ் வருகிறது, மாகாணப் பாடசாலை மேல் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ் வருகிறது. சர்வதேசப் பாடசாலைகள் இந்த இரண்டிலும் சேராது. அரச பாடசாலை பாகுபாடு காட்டினால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடலாம். தனியார் நிர்வாகத்துக்கு எதிராக அந்த மனு பொதுவாக எடுபடாது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமலேயே முற்பணம் கேட்பவரிடம் கவனமாக இருங்கள்.

மனு போடுவதற்கான காலம் ஒரே ஒரு மாதம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் மரியாதைக்காகக் காத்திருப்பவர்கள். "அடுத்த தவணை பார்ப்போம்" என்று அதிபர் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். தவணை வருவதற்குள் அந்த மாதம் கழிந்துவிடும். ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அதையும் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொண்டே செய்யுங்கள். வசதி குறைந்தவர்களுக்குப் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அங்கே போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

யாரை அமர்த்துவது? சட்டத்தரணி என்றால் உயர் நீதிமன்றத்தில் பதிவானவர், விசாரித்துப் பார்க்கலாம். மற்றபடி "பெற்றோருக்காகப் பாடசாலையில் பேசுகிறேன்" என்று வருபவர்களில் மனம் வைத்துச் செய்பவர்களும் இருக்கிறார்கள், வெறும் விசிட்டிங் கார்டு மட்டும் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். எந்தெந்தப் பாடசாலைக்குப் போனீர்கள், போனபிறகு அங்கே என்ன மாறியது என்று கேளுங்கள். தெரபி நிலையம் நடத்துபவரே உங்களுக்காகப் பேசவும் வந்தால் யோசியுங்கள். பிள்ளைக்கு வாரம் மூன்று தடவை தெரபி வேண்டும் என்று சொல்பவரும் அதற்குக் காசு வாங்குபவரும் ஒரே ஆள் என்றால், அந்த அறிக்கையைப் பாடசாலையும் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

எங்களுக்குக் கிட்டத்தட்டக் கைமீறிப்போன விஷயம் மொழி. நாங்கள் அமர்த்தியவர் ஆங்கிலத்தில் நன்றாகப் பேசுவார், சிங்களம் வாசிக்கத் தெரியாது. கூட்டம் முடிகிற நேரத்தில் அதிபர் ஒரு பக்கக் கடிதத்தை நீட்டி, "நாங்கள் பேசியதுதான், கையெழுத்து வையுங்கோ" என்றார். முழுக்கச் சிங்களம். எங்கள் ஆள் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "சரி, வைக்கலாம்" என்றார். நான் பேனையை எடுத்துவிட்டேன். என்னவோ மனம் ஒப்பவில்லை. போனில் படம் எடுத்துக் கீழ் வீட்டு அக்காவுக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் அவர் போன் எடுத்தார்: "இதில் உங்கட சொந்த விருப்பத்தில் பிள்ளையை விலக்கிறதாக எழுதியிருக்கு. வைக்காதேங்கோ." என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. தமிழும் அரச கரும மொழி. அரச பாடசாலையிடமும் வலயக் கல்வி அலுவலகத்திடமும் கடிதத்தைத் தமிழில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்வதில் தவறே இல்லை. உங்களுக்காகப் பேச வருபவர் மூன்று மொழியும் தெரிந்தவராக இருந்தால் பாதிப் பாரம் குறையும்.

வாய்ப்பேச்சை நம்பிவிட்டு வருவதும் இதே மாதிரித்தான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பிறகு, யார் என்ன சொன்னார்கள் என்று திகதி போட்டு ஒரு சிறு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வைத்திய அறிக்கையின் மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்க வேண்டாம், பேச வரும் ஆளிடமும்தான். சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் திகதி எடுத்து, காத்திருந்து வாங்கிய கடதாசி அது. பாடசாலை பிள்ளையைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

கேட்பதைத் துல்லியமாகக் கேளுங்கள். "பிள்ளையைக் கொஞ்சம் கவனியுங்கோ" என்றால் எந்த ஆசிரியரும் "கவனிக்கிறோம்தானே" என்பார். முன் வரிசையில் இடம், வினாவை வாசித்துக் காட்டுவது, கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிக்கக் கூடுதல் நேரம் என்று கேட்டால், நடக்கிறதா இல்லையா என்று பார்க்கலாம். புலமைப்பரிசிலுக்கும் சாதாரண தரத்துக்கும் பரீட்சைத் திணைக்களம் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைத் தருகிறது. அதற்கு வைத்திய அறிக்கையோடு பாடசாலை வழியாக நேரத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். கடைசி மாதத்தில் ஆள் தேடி ஓடி ஒன்றும் ஆகாது.

வகுப்பாசிரியரை எதிரியாக்கிவிடாதீர்கள். நாற்பது பிள்ளைகளோடு ஒரு வகுப்பை வைத்துச் சமாளிப்பவர் அவர். விசேட கல்வியில் பயிற்சி பெற அவருக்கு வாய்ப்பே கிடைக்காமல் இருந்திருக்கலாம். எங்கள் ஆள் முதல் கூட்டத்திலேயே அவரைப் பார்த்து "நீங்கள் சட்டத்தை மீறுகிறீர்கள்" என்று குரல் உயர்த்தினார். டீச்சரின் முகம் சிவந்தது. அடுத்த நாள் காலை ஏழரை மணிக்கு அதே டீச்சரிடம்தான் என் மகனை விட்டுவிட்டு வந்தேன். அந்த ஆளை அதோடு நிறுத்திவிட்டோம். இரண்டாவது கூட்டத்துக்கு நானும் கணவரும் மட்டும் போனோம்.

போவதற்கு முதல் நாள் இரவுதான், இவ்வளவு நாளும் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லையே என்று எனக்கு உறைத்தது. "நாளைக்கு டீச்சரிட்ட என்ன சொல்ல வேணும், ராசா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் போர்வை நுனியை உருட்டிக்கொண்டு இருந்தான். "எல்லாருக்கும் முன்னால எழும்பி நிண்டு வாசிக்கச் சொல்ல வேண்டாம் எண்டு சொல்லுங்கோ அம்மா." எங்கள் கடிதத்தின் முதல் வரியாக அதையே எழுதினோம். டீச்சர் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். அடுத்த வாரத்திலிருந்து அவனைத் தன் மேசைக்கு அழைத்து, அவனை மெதுவாக வாசிக்க வைத்துக் கேட்கத் தொடங்கினார்.