அமெரிக்காவில் சட்டம் படிக்கப் போகும் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு: வரவுத் தாளில் கவனம்

ஓகஸ்ட் நெருங்கினால் எங்கள் ஊரில் இரண்டொரு வீட்டிலாவது எல்.எல்.எம். (சட்ட முதுமாணிப் படிப்பு) பேச்சு நடக்கும். குளிருடுப்பை இங்கேயே வாங்கலாமா, மிளகாய்த்தூள் எவ்வளவு கொண்டு போக விடுவார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். பாடங்களின் சிலபஸை வாசித்தாயா என்று நான் கேட்டால், "அதில என்ன அக்கா, தலைப்புகள்தானே" என்ற பதில்தான் வருகிறது. அந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு இப்போதும் நெஞ்சு பதறும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அலுவலக வேலைகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். ஐ-20 (கல்லூரி தரும் சேர்க்கைப் படிவம்), செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம், எஃப்-1 மாணவர் விசா. போய் இறங்கியதும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். எந்தப் பாடத்தைக் கைவிடுவதானாலும் முதலில் அந்த அலுவலகத்தைக் கேளுங்கள். கேட்காமல் முழுநேர அளவுக்குக் கீழே இறங்கினால் விசா நிலையே கெட்டுவிடும். இது போதும்.

இனி வகுப்பு. வழக்குத் தீர்ப்புகளை வாசித்து, கேள்வி கேட்டுச் சட்டம் படிப்பிக்கும் முறையை 1870இல் ஹார்வர்ட் சட்டக் கல்லூரியின் டீனாக வந்த லாங்டெல் தொடங்கி வைத்தார். நான்கு வருடம் கழித்து, 1874இல், கொழும்பில் எங்கள் லோ கொலிஜ் தொடங்கியது. ஆனால் நாங்கள் பழகியது வேறு: சேர் சொல்வார், நாங்கள் எழுதுவோம், அந்த நோட்ஸ் கை மாறிக் கை மாறி அடுத்த பட்ச் வரை போகும். அங்கே விரிவுரையாளர் பெயர்ப் பட்டியலைப் பார்த்து, கை தூக்காத உங்களிடமே திடீரென்று கேட்பார். அதைக் கோல்ட் கோல் என்பார்கள். தலை குனிந்து பேசாமல் இருப்பது எங்களுக்கு மரியாதை. அங்கே அதை வாசிக்காமல் வந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். வாசிக்க முடியாத நாளில் வகுப்புக்கு முன்பே ஈமெயிலில் அறிவித்தால் கேள்வி கேட்காமல் விடுவேன் என்று சிலர் சிலபஸிலேயே எழுதியிருப்பார்கள். அந்தச் சலுகையைத் தேடிப் பாருங்கள்.

வாசிப்பின் அளவும் விளையாட்டில்லை. பாடத்தின் அளவைக் கிரெடிட் கணக்கில் சொல்வார்கள். ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பு, வெளியே இரண்டு மணி நேர வேலை, இப்படிப் பதினைந்து வாரம் என்பது அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கத்தின் அங்கீகார விதி. மூன்று கிரெடிட் பாடம் என்றால் வாரம் ஆறு மணி நேரம் வீட்டில் இருந்து வாசிக்க வேண்டும். பரீட்சைக்கு முதல் கிழமை ரியூசன் நோட்ஸை விழுந்து விழுந்து பாடமாக்கித் தேறலாம் என்ற எண்ணத்தைச் சீனக்குடாவிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் கூட்டாளி ஒருத்தி, உப்புவெளிப் பிள்ளை, நல்ல கெட்டிக்காரி. தகப்பன் நிலாவெளிக் காணியை ஈடு வைத்துத்தான் அனுப்பினார். அவளோடு படித்த இன்னொரு தமிழ்ப் பிள்ளைக்குக் கைக்குழந்தை. ஒருநாள் குழந்தைக்குக் காய்ச்சல். "நான் வரேல்ல, வரவுத் தாளில எனக்கும் ஒருக்கா சைன் வைச்சு விடும்" என்று செய்தி அனுப்பினாள். இவள் வைத்து விட்டாள்.

ஊரில் இதைக் களவென்று யாரும் சொல்வதில்லை. கம்பஸில் 80 வீத வரவு வேண்டும் என்பார்கள். திருகோணமலையிலிருந்து இரவு ரயிலில் போகிறவன் பிந்தினால் பக்கத்தில் இருப்பவன் அவனுக்கும் சேர்த்துக் கையெழுத்து வைப்பான். போர்க்காலத்தில் ஹபரணை வீதியில் சாவடிக்குச் சாவடி இறங்கி ஏறிக் கொழும்புக்குப் போன எங்கள் அண்ணன்மார், அக்காமாரின் படிப்பு இப்படித்தான் காப்பாற்றப்பட்டது. அந்த அன்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அமெரிக்காவில் அந்தக் கையெழுத்துப் பொய் ஆவணம். சட்டத்தரணியாகப் போகிறவர் செய்த பொய் ஆவணம் என்பதால் அதைப் பெரிய குற்றமாகவே பார்க்கிறார்கள்.

அன்று விரிவுரையாளர் தலைகளை எண்ணினார். தாளில் ஒரு கையெழுத்து அதிகமாக இருந்தது. வாரம் முடிவதற்குள் டீன் அலுவலகத்திலிருந்து ஒனர் கோட் (மாணவர் நேர்மை விதிகள்) விசாரணைக் கடிதம் வந்தது. என் கூட்டாளி உண்மையைச் சொன்னாள். எழுத்து மூலக் கண்டனம் கோப்பில் ஏறியது. அந்தப் பாடத்தில் ஃபெயில்.

ஒரு பாடம்தானே என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டில் சட்டம் படித்தவர்கள் எல்.எல்.எம். வழியாக நியூயோர்க் பார் பரீட்சை (சட்டத்தரணியாவதற்கான பரீட்சை) எழுதக் குறைந்தது 24 கிரெடிட் வேண்டும். அவள் சரியாக 24தான் எடுத்திருந்தாள். மூன்று போனதும் 21. ஜூலைப் பரீட்சை கைவிட்டுப் போனது. இன்னொரு செமஸ்டர், இன்னொரு கட்டணம், ஐ-20 நீட்டிப்பு, பிறகு பெப்ரவரிப் பரீட்சை. காணியை மீட்க வைத்திருந்த காசு அதற்குள் போய்விட்டது. சித்தியடைந்த பிறகும் நன்னடத்தை விசாரணை இருக்கிறது. எந்தக் கல்வி நிறுவனத்திலாவது ஒழுக்க நடவடிக்கைக்கு உள்ளானீர்களா என்று அந்தப் படிவத்தில் கேட்பார்கள். மறைத்தால் செய்த குற்றத்தைவிட மறைத்ததுதான் பெரிதாகும். அவள் எல்லாவற்றையும் எழுதினாள், நீண்ட விளக்கக் கடிதமும் கொடுத்தாள், அனுமதியும் கிடைத்தது. கிடைக்கும் வரை தாய் கோணேசர் கோயிலுக்கு நேர்த்தி வைத்துக் காத்திருந்தார்.

எனக்கு ஆறாத கோபம் எதில் என்றால், இது சிலபஸிலேயே இருந்தது. வரவு என்ற தலைப்பின் கீழ், பிறருக்காகக் கையெழுத்திடுவது ஒனர் கோட் மீறல் என்று ஒரே வரி. முதல் நாள் அறிமுகக் கூட்டத்தில் ஒருவரும் அதை வாய் திறந்து சொல்லவில்லை. தங்களுக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்று நினைத்துவிடுகிறார்கள். தாளுக்குப் பதிலாகக் கியூஆர் குறியீட்டைத் தொலைபேசியில் படம் பிடித்து வரவு போடும் வகுப்புகளும் உண்டு. அந்தப் படத்தை வீட்டிலிருக்கும் கூட்டாளிக்கு அனுப்பினாலும் இதே கதிதான்.

உதவி செய்யாமல் இருக்கச் சொல்லவில்லை. குழந்தைக்குக் காய்ச்சலா, அன்றைய உங்கள் குறிப்புகளைக் கொடுங்கள், சோறு சமைத்துக் கொண்டு போய்க் கொடுங்கள், விரிவுரையாளருக்கு எழுதும் ஈமெயிலைக் கூட இருந்து எழுதிக் கொடுங்கள். மூன்று வரி போதும்: இன்ன திகதி வகுப்புக்கு வர முடியாது, காரணம் இது, தவறியதை இப்படி ஈடு செய்வேன். அனேகமான பாடங்களில் சில நாள் வராமல் இருக்க அனுமதி உண்டு. எத்தனை நாள் என்பதும் சிலபஸில்தான் இருக்கும். அந்த அளவைத் தாண்டினால் புள்ளியைக் குறைப்பார்கள், சில இடங்களில் பரீட்சைக்கே விட மாட்டார்கள்.

பரீட்சையைப் பற்றி ஒன்று மட்டும். எங்கள் சுட்டெண் போல அங்கேயும் எண்தான், பெயர் இல்லை. எழுதி முடித்துவிட்டு "சேர், எனக்கு நேரம் காணாமல் போய்விட்டது" என்று விரிவுரையாளருக்கு எழுதாதீர்கள். விடைத்தாள் யாருடையது என்று அவருக்குத் தெரிய வந்தால் அதுவும் மீறல். என்ன பிரச்சினை என்றாலும் பதிவாளர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். ஆங்கிலம் தாய்மொழி இல்லாத எல்.எல்.எம். மாணவர்களுக்குச் சில கல்லூரிகள் கூடுதல் நேரம் தரும். வெட்கப்படாமல் முன்கூட்டியே கேளுங்கள். ஏஐ (செயற்கை நுண்ணறிவு) கருவிகளைப் பாவிப்பது பற்றிய விதி பாடத்துக்குப் பாடம் மாறும். ஒருவர் அனுமதிப்பதை அடுத்தவர் தண்டிப்பார்.

முதல் வகுப்புக்கே வாசிப்புத் தந்திருப்பார்கள், அதனால் சிலபஸ் கிடைத்த அன்றே அச்செடுத்து விதிகள் உள்ள பக்கங்களை முதலில் படியுங்கள். விளங்காத வரி இருந்தால், அங்கே போய்விட்டவர்கள் அந்த விரிவுரையாளரின் ஒஃபிஸ் அவரில் (மாணவரைச் சந்திக்கும் நேரத்தில்) நேரே கேளுங்கள். அதற்குத்தான் அந்த நேரத்தை ஒதுக்கியிருக்கிறார். இன்னும் ஊரில் இருப்பவர்கள் தாளோடு என்னிடம் வாருங்கள், பின்னேரங்களில் வீட்டில்தான் இருப்பேன்.