ஹேஸ்மட் தேர்வுக்குப் படிக்கிறீர்களா? எண்கள் குழம்பாமல் இருக்க ஒரு வழி

அமெரிக்காவில் சிடிஎல் (வணிக வாகன ஓட்டுநர்) உரிமத்தோடு, ஹேஸ்மட் எனப்படும் ஆபத்துச் சரக்கை ஓட்டுவதற்கான 'எச்' எண்டார்ஸ்மெண்ட் (கூடுதல் அனுமதி) சேர்க்க எழுதும் தேர்வில் பொதுவாக 30 கேள்விகள். 24 சரியாக இருந்தால் தேர்ச்சி. கேட்பதெல்லாம் மாநிலத்தின் சிடிஎல் கையேட்டில் 9-ஆம் பகுதியில் இருக்கிறது. பக்கங்கள் அதிகமில்லை. ஆனால் 25 அடி, 100 அடி, 300 அடி, 1,001 பவுண்ட், 2,205 பவுண்ட் என்று எண்கள் அடுத்தடுத்து வருவதால், காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்தவருக்குத் தேர்வறையில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கேள்விகளை மட்டும் உருப்போட்டுப் போகிறவர்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான். கேள்வியில் ஒரு சொல் மாறினாலே விடை மாறிவிடும்.

புத்தகத்தைத் திறக்கும் முன் இரண்டு வேலைகளை நகர்த்திவிடுங்கள். ஒன்று, டி.எஸ்.ஏ. (அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு) பின்னணிச் சோதனை. விண்ணப்பம், கைரேகை, கட்டணம் எல்லாம் முடிந்து பதில் வர நாளாகும். எண்டார்ஸ்மெண்ட் தேவைப்படும் நாளுக்கு 60 நாள் முன்பே தொடங்கச் சொல்கிறது டி.எஸ்.ஏ. கிரீன் கார்டு உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். இரண்டாவது, பயிற்சி. 2022 பிப்ரவரி 7 முதல், முதன்முறை எச் வாங்குகிறவர் அரசுப் பதிவேட்டில் உள்ள பயிற்சி நிறுவனம் ஒன்றில் கோட்பாட்டுப் பாடம் முடித்திருக்க வேண்டும். இத்தனை மணி நேரம் என்ற குறைந்தபட்ச வரம்பு கிடையாது. ஆனால் அவர்கள் வைக்கும் மதிப்பீட்டில் 80 சதவீதம் எடுக்க வேண்டும். நீங்கள் முடித்த தகவலை அந்த நிறுவனம் பதிவேட்டில் ஏற்றிய பிறகே மாநில அலுவலகம் தேர்வெழுத விடும். ஏற்றிவிட்டார்களா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் சம்பளம் வீண்.

டொராண்டோ பக்கம் கனடா உரிமத்தில் ஓட்டும் நம்மவர்களுக்கு இந்தத் தேர்வு கிடையாது. அங்கே வேலை கொடுப்பவர் வழங்கும் டிடிஜி (ஆபத்துச் சரக்குப் போக்குவரத்து) பயிற்சிச் சான்றிதழ்தான் கணக்கு; சாலைப் போக்குவரத்துக்கு அது மூன்று ஆண்டு செல்லும்.

யார் வேலை எது

முதல் நாள் இதை மட்டும் படித்தால் போதும். பொருளுக்குச் சரியான பெயர், வகை, எண் கண்டுபிடிப்பது, பெட்டி கட்டுவது, லேபிள் ஒட்டுவது, ஷிப்பிங் பேப்பர் (சரக்கு விவரத் தாள்) எழுதுவது, பிளக்கார்டுகளை (எச்சரிக்கைப் பலகைகளை) தருவது எல்லாம் ஷிப்பர் (சரக்கை அனுப்புபவர்) தலையில். கேரியர் (வண்டி நிறுவனம்) சரக்கைக் கொண்டு சேர்க்கிறது. ஏற்கும் முன் ஷிப்பர் சரியாகச் செய்திருக்கிறாரா என்று பார்க்கிறது. விபத்தை அரசுக்குத் தெரிவிக்கிறது. ஓட்டுநர் லேபிளையும் தாளையும் சரிபார்க்கிறார், கசியும் பொட்டலத்தை ஏற்க மறுக்கிறார், பிளக்கார்டை வண்டியில் மாட்டுகிறார், தாளைச் சரியான இடத்தில் வைக்கிறார். 'யார் பொறுப்பு?' என்று கேட்டால் இந்தப் பிரிவினையை வைத்துத்தான் விடை. லேபிள் பொட்டலத்தில் இருப்பது, பிளக்கார்டு வண்டியில் இருப்பது. இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லித் தோற்றவர்கள் நிறைய.

ஷிப்பிங் பேப்பர்

சரக்கு விவரம் எழுதும் வரிசை மாறவே கூடாது: அடையாள எண், சரியான அனுப்புப் பெயர், வகை, பேக்கிங் குரூப். பெட்ரோலுக்கு 'யுஎன் 1203, கேசோலின், 3, பிஜி 2' என்று வரும். நடுவில் வேறு எதையும் நுழைக்கக் கூடாது. பேக்கிங் குரூப் 1 என்றால் ஆபத்து அதிகம், 3 என்றால் குறைவு. எண் ஏற ஏற ஆபத்து இறங்கும்.

ஒரே தாளில் சாதாரணச் சரக்கும் இருந்தால், ஆபத்துச் சரக்கை முதலில் எழுதலாம், அல்லது வேறு நிறத்தில் எடுத்துக்காட்டலாம், அல்லது அதற்கான கட்டத்தில் 'எக்ஸ்' போடலாம். எக்ஸுக்குப் பதில் 'ஆர்க்யூ' என்று போட்டிருந்தால், அது கொட்டினால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய அளவு என்று பொருள்.

தாள் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வி அடிக்கடி வரும். வண்டி ஓட்டும்போது, சீட் பெல்ட் போட்டபடியே கைக்கு எட்டும் இடத்தில், ஏறி வருகிறவர் கண்ணில் படும்படி. அல்லது ஓட்டுநர் பக்கக் கதவின் பையில். இறங்கிப் போகும்போது, அந்தக் கதவுப் பையில் அல்லது ஓட்டுநர் இருக்கையின் மேல். காரணம் எளிது: விபத்தில் நீங்கள் மயங்கிக் கிடந்தாலும் தீயணைப்பு வீரர் அதைத் தேடாமல் எடுக்க வேண்டும். கையுறைப் பெட்டி, ஸ்லீப்பர், சட்டைப் பை என்று வரும் விடைகள் எல்லாம் பொறி.

பட்டியலின் முதல் கட்டம்

ஆபத்துப் பொருள் அட்டவணையில் பத்துக் கட்டங்கள் (நெடுவரிசைகள்). தேர்வுக்கு முதல் ஐந்தாறு போதும். முதல் கட்டத்தில் குறியீடு, இரண்டாவதில் அகரவரிசையில் பெயர், மூன்றாவதில் வகை, நான்காவதில் அடையாள எண், ஐந்தாவதில் பேக்கிங் குரூப், ஆறாவதில் லேபிள். இரண்டாவது கட்டத்தில் சாய்வெழுத்தில் இருப்பது அனுப்புப் பெயர் ஆகாது. நேரெழுத்தில் இருப்பதே ஆகும். மூன்றாவது கட்டத்தில் 'தடை' என்று இருந்தால் அந்தப் பொருளை ஏற்றவே கூடாது.

முதல் கட்டக் குறிகளை ஒரே அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். 'ஏ' ஆகாய வழி, 'டபிள்யூ' நீர் வழி, 'டி' அமெரிக்காவுக்குள், 'ஐ' பன்னாட்டுப் போக்குவரத்து, 'ஜி' பொதுப்பெயர் என்பதால் தொழில்நுட்பப் பெயரும் சேர்க்க வேண்டும், கூட்டல் குறி என்றால் விளக்கத்துக்குப் பொருந்தாவிட்டாலும் அந்தப் பெயரும் வகையும்தான்.

பிளக்கார்டு: மதிப்பெண் இருக்கும் இடம்

இதற்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். எச் எண்டார்ஸ்மெண்ட் எப்போது தேவை என்பதே பிளக்கார்டை வைத்துத்தான்: பிளக்கார்டு மாட்ட வேண்டிய சரக்கென்றால் எச் வேண்டும்.

இரண்டு அட்டவணைகள் உண்டு. முதலாவதில் இருப்பவை எவ்வளவு சிறிய அளவாக இருந்தாலும் பிளக்கார்டு கட்டாயம்: 1.1, 1.2, 1.3 வெடிபொருள்கள், 2.3 நச்சு வாயு, 4.3 நீர் பட்டால் ஆபத்தானவை, வெப்பக் கட்டுப்பாடு தேவைப்படும் 5.2 பி வகை ஆர்கானிக் பெராக்சைடு, மூச்சில் போனால் கொல்லும் 6.1 நஞ்சு, மஞ்சள் 3 லேபிள் ஒட்டிய 7-ஆம் வகைக் கதிரியக்கப் பொருள். கொஞ்சமே இருந்தாலும் பக்கத்தில் நிற்பவனையும் கொல்லக்கூடியவை இவை என்று நினைத்துக்கொண்டால் பட்டியல் தானே நினைவில் நிற்கும்.

இரண்டாவது அட்டவணையில் பெட்ரோல், புரோபேன், பேட்டரி அமிலம் போல அன்றாடம் ஏறும் சரக்குகள். இவற்றுக்கு மொத்தம் 1,001 பவுண்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் பிளக்கார்டு. எடை என்பது பொட்டலத்தோடு சேர்த்த எடை. டேங்கர் போன்ற மொத்தக் கொள்கலனில் போனால் இந்த வரம்பு பொருந்தாது. எவ்வளவு இருந்தாலும் பிளக்கார்டு உண்டு. திரவத்துக்கு 119 காலனுக்கு மேல் கொள்ளும் கலன் மொத்தக் கொள்கலன் ஆகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பீப்பாயோடு 400 பவுண்ட் எடையுள்ள எரியும் திரவப் பீப்பாய் இரண்டு ஏற்றினால் 800, பிளக்கார்டு வேண்டாம். மூன்றாவதை ஏற்றியதும் 1,200, வேண்டும். அடுத்து, எரியும் திரவம் 600 பவுண்ட், அரிக்கும் பொருள் 500 பவுண்ட் என்று ஏற்றினால்? தனித்தனியாக வரம்புக்குக் கீழேதான். ஆனால் கூட்டினால் 1,100. இரண்டு பிளக்கார்டும் மாட்ட வேண்டும், அல்லது இரண்டுக்கும் சேர்த்து 'டேஞ்சரஸ்' என்ற ஒரே பிளக்கார்டை மாட்டலாம். ஒரே இடத்தில் ஒரே வகையில் 2,205 பவுண்ட் அல்லது அதற்கு மேல் ஏற்றியிருந்தால் அந்த வகைக்கு இந்தச் சலுகை இல்லை. அதற்குரிய பிளக்கார்டையே மாட்ட வேண்டும். முதல் அட்டவணைச் சரக்குக்கும் டேஞ்சரஸ் செல்லாது. இப்படி ஐந்தாறு கணக்கை நீங்களே உருவாக்கிப் போட்டுப் பழகினால் பத்து மாதிரித் தேர்வுக்குச் சமம்.

பிளக்கார்டு நான்கு பக்கமும் இருக்க வேண்டும். மற்ற எழுத்து, படங்களிலிருந்து குறைந்தது 3 அங்குலம் தள்ளி. காலியான டேங்கர் ஆனாலும், உள்ளே கழுவிச் சுத்தம் செய்யாதவரை பிளக்கார்டைக் கழற்றக் கூடாது. மிச்சமிருக்கும் ஆவிதான் திரவத்தைவிட எளிதில் பற்றும்.

தூர எண்கள்

ஒரே தாளில் எண்ணை நடுவில் எழுதி, அதற்குரிய விதிகளைச் சுற்றிலும் எழுதுங்கள்.

25 அடி இரண்டு இடத்தில் வரும்: வெடிபொருள், எரியும் வாயு, எரியும் திரவம், எரியும் திடப்பொருள், ஆக்சிடைசர் ஏற்றிய வண்டிக்கு அருகே புகைக்கக் கூடாத தூரம், டேங்கரில் ஏற்றி இறக்கும்போது கவனிப்பவர் தொட்டியிலிருந்து விலகாமல் நிற்க வேண்டிய தூரம். 100 அடி என்பது நிறுத்திய வண்டியைக் காவல் காப்பவருக்கு. அவர் வண்டிக்குள் விழித்திருக்க வேண்டும். ஸ்லீப்பர் படுக்கையில் இருந்தால் கணக்கில் வராது. வெளியே நின்றால் 100 அடிக்குள், வண்டி தெளிவாகத் தெரியும்படி. 300 அடி, திறந்த நெருப்பிலிருந்து விலகி நிறுத்த வேண்டிய தூரம். 1.1, 1.2, 1.3 வெடிபொருள் ஏற்றிய வண்டியைப் பாலம், சுரங்கம், கட்டடம், கூட்டம் கூடும் இடம் இவற்றுக்கும் 300 அடிக்குள் நிறுத்தக் கூடாது. வாகனம் செல்லும் சாலைப் பகுதியிலிருந்து 5 அடிக்குள்ளும் கூடாது.

ரயில் பாதையில் தண்டவாளத்துக்கு 15 அடி முதல் 50 அடிக்குள் நிற்க வேண்டும். கடக்கும்போது கியர் மாற்றக் கூடாது. பிளக்கார்டு உள்ள வண்டி, எவ்வளவு சிறிதளவானாலும் குளோரின் ஏற்றிய வண்டி, ஹேஸ்மட் டேங்கர் காலியாக இருந்தாலும் இந்த விதிக்குள்.

தூரமில்லாத எண் ஒன்று: கதிரியக்கப் பொட்டலங்களின் டிரான்ஸ்போர்ட் இண்டெக்ஸை (கொண்டு போகும்போது எவ்வளவு கட்டுப்பாடு தேவை என்று காட்டும் எண்) கூட்டினால் ஒரு வண்டியில் 50-ஐத் தாண்டக் கூடாது. இன்னொன்று: பிளக்கார்டு உள்ள டிராக்டரில் தீயணைப்பான் 10 பி:சி தரம் அல்லது மேல்.

ஏற்றுவதில் செய்யக்கூடாதவை

இங்கே எண் குறைவு, காரணம் அதிகம். சயனைடும் அமிலமும் ஒரே வண்டியில் கூடாது: கலந்தால் உயிர்க்கொல்லியான ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். நஞ்சை உணவுப் பொருளோடு ஏற்றக் கூடாது. வெடிபொருள் ஏற்றும்போது கொக்கி உபயோகிக்கக் கூடாது; வண்டித் தளத்தில் ஆணி முனை நீட்டியிருக்கக் கூடாது. எரியும் திரவம் ஏற்றும் முன் எஞ்சினை அணைக்க வேண்டும்; பம்பு ஓட அது தேவையென்றால் மட்டும் விலக்கு. வழியில் பொட்டலத்தைத் திறப்பதும் ஓட்டுநரின் வேலை இல்லை.

இரட்டைச் சக்கர டயர்களைப் பயணம் தொடங்கும்போதும், நிறுத்தும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். எரிபொருள் நிரப்பும்போது முனையைக் கையாளும் ஒருவர் நின்றே ஆக வேண்டும்.

அவசரத்தில்

கசிவைப் பார்த்தால் போன் தேடி வண்டியை ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. சாலை நெடுக விஷத்தைப் பரப்புவீர்கள். நிறுத்தி, காற்று வரும் பக்கம் நின்று, ஆட்களை விலக்கி, உதவிக்கு ஒருவரை அனுப்புங்கள். முகர்ந்தோ தொட்டோ என்ன பொருள் என்று கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள், தாளே சொல்லிவிடும். எரியும் திரவம், எரியும் வாயு டேங்கருக்கும் வெடிபொருள் வண்டிக்கும் எரியும் சிக்னல் தீப்பந்தம் வைக்கக் கூடாது. முக்கோணப் பிரதிபலிப்பான் அல்லது சிவப்பு மின்விளக்கு வைக்கலாம்.

தொலைபேசியில் கெம்ட்ரெக், நேஷனல் ரெஸ்பான்ஸ் சென்டர் என்று இரண்டு பெயர் வரும். முதலாவது பொருளைப் பற்றித் தொழில்நுட்ப விவரம் சொல்லும். இரண்டாவதிடம்தான் விபத்தைப் பதிவு செய்கிறோம். விடைத்தாளில் இரண்டும் பக்கம் பக்கமாக இருக்கும், நிதானமாகப் படியுங்கள்.

தேர்வுக்கு முந்தின நாள் புதிதாக எதையும் படிக்க வேண்டாம். எண் தாளையும் இரண்டு பிளக்கார்டு அட்டவணைகளையும் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். எந்த வரி வராமல் நின்றதோ அதை மட்டும் கையேட்டில் திரும்பப் படியுங்கள். ஏற்கெனவே எச் வைத்திருந்து புதுப்பிப்பவருக்கும் எழுத்துத் தேர்வு உண்டு. டி.எஸ்.ஏ. சோதனையும் மறுபடி. முன்பு எழுதிய எண் தாளைத் தூக்கிப் போட்டிருந்தால் புதிதாக எழுத வேண்டியதுதான்.