அமெரிக்க அரசு முடக்கம்: சம்பளம் நின்றதும் பலர் செய்யும் தவறுகள்

2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, 43 நாள் அமெரிக்க மத்திய அரசு முடங்கிக் கிடந்தது. அதுவரை நடந்த முடக்கங்களிலேயே நீண்டது அதுதான். உடனே ‘அமெரிக்கா திவால்’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி பரவும். அப்படி நம்புவது முதல் தவறு. கஜானா காலியாகவில்லை. நாடாளுமன்றம் செலவு மசோதாவை நிறைவேற்றாததால், பல துறைகளுக்குப் பணத்தைத் தொடும் அதிகாரம் இல்லாமல் போனது, அவ்வளவுதான். ஆண்டு மசோதாவை நம்பியிராத சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் தடையின்றி வந்தது. தபால்காரரும் வழக்கம்போல் வந்தார்.

அரசு ஊழியர் எல்லோரையும் ஒரே கணக்கில் வைப்பது அடுத்த தவறு. ஒரு பிரிவினர் சம்பளமில்லாத கட்டாய விடுப்பில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள், விமான நிலையச் சோதனை ஊழியர்கள் போன்றவர்களோ சம்பளம் இல்லாமலே வேலைக்குப் போக வேண்டும். விடுப்பில் இருப்பவர் வேலையின்மை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். முழுநேரம் உழைப்பவருக்குப் பொதுவாக அது கிடைக்காது, சட்டத்தின் பார்வையில் அவருக்குத்தான் வேலை இருக்கிறதே! கைக்காசைப் போட்டுப் பெட்ரோல் அடித்து வேலைக்குப் போகிறவருக்கு இது எவ்வளவு எரிச்சலாக இருக்கும்?

விண்ணப்பிப்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பணம் மத்திய அரசுடையது, ஆனால் விண்ணப்பத்தைக் கையாள்வது மாநில அலுவலகம். மேரிலாந்தில் வீடு, வாஷிங்டன் நகரில் அலுவலகம் என்றால் பொதுவாக வாஷிங்டனில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இன்னொன்று, முடக்கம் முடிந்து நிலுவைச் சம்பளம் கைக்கு வந்ததும் அந்த உதவித்தொகையைத் திருப்பிக் கேட்பார்கள். கூடுதலாகக் கிடைத்த காசு என்று செலவழித்துவிட்டு விழிக்கக் கூடாது.

‘வீட்டில் சும்மாதானே இருக்கிறோம், அலுவலக மெயிலைப் பார்த்துவிடலாம்’ என்பதும் வேண்டாம். நிதி ஒதுக்கீடு இல்லாத வேலையைத் தன்னார்வமாகச் செய்வதையும் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே ஒரு சட்டம் தடுக்கிறது.

‘எப்படியும் நிலுவை வந்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை’ என்ற பேச்சைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நிரந்தர ஊழியருக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உறுதியைத் தருகிறது. ஆனாலும் 2025இல் வெள்ளை மாளிகையே அதைச் சந்தேகத்துக்குள்ளாக்கியது. முடக்கத்தின் நடுவில் சுமார் 4,000 பேருக்குப் பணிநீக்க நோட்டீஸும் போனது. நவம்பரில் நிறைவேறிய மசோதா அந்த நோட்டீஸ்களை ரத்து செய்து, நிலுவையையும் உறுதிசெய்தது. அதுவரை வாடகைக்கும் தவணைக்கும் என்ன செய்வது? ஒப்பந்தத் தொழிலாளர் நிலை இன்னும் மோசம். அரசுக் கட்டடத்தைக் கூட்டுபவர், கேன்டீனில் சமைப்பவர், வாசலில் நிற்கும் காவலாளி ஆகியோர் இந்தச் சட்டத்துக்குள் வருவதே இல்லை. போன சம்பளம் போனதுதான்.

பொருளாதாரமும் கிட்டத்தட்ட இப்படித்தான் நடந்துகொள்கிறது. 2018-19இல் 35 நாள் நீடித்த முடக்கத்தால் 1,100 கோடி டாலர் உற்பத்தி இழப்பு என்றும், அதில் 300 கோடி திரும்பவே வராது என்றும் நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டது. தள்ளிப்போட்ட ஃபிரிட்ஜை சம்பளம் வந்ததும் வாங்கிவிடலாம். அலுவலகம் பக்கத்து உணவகத்தில் ஒரு மாதம் சாப்பிடாத மதிய உணவை யாரும் பிறகு சேர்த்துச் சாப்பிடப் போவதில்லை. அரசுக்காவது மிச்சமா என்றால் அதுவும் இல்லை. நடக்காத வேலைக்குக் கடைசியில் சம்பளம் கொடுக்கிறது.

புள்ளிவிவரங்களை அவசரப்பட்டுப் படிப்பதும் தவறு. குடும்பங்களிடம் எடுக்கும் கணக்கெடுப்பில் கட்டாய விடுப்பில் இருப்பவர் தற்காலிக வேலையிழந்தவர். நிறுவனச் சம்பளப் பட்டியல் கணக்கெடுப்பிலோ, பின்னால் ஊதியம் உறுதி என்பதால், அவர் வேலையில் இருப்பவர். ஆகவே வேலையின்மை விகிதம் சற்று ஏறியதும் மந்தம் வந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. 2025 அக்டோபருக்கோ அந்த விகிதமே வெளியாகவில்லை. கணக்கெடுக்க வேண்டியவர்களும் விடுப்பில் இருந்தார்களே! 1948இல் தொடங்கிய மாதாந்திர வரிசையில் அப்படி ஒரு மாதம் விடுபட்டது அதுவே முதல் தடவை.

அப்புறம், நம்மவர்களுக்கு நேரடியாக உறைக்கும் ஒரு விஷயம். குடிவரவு அலுவலகம் கட்டணத்தில் ஓடுவதால் எச்1பி எனும் வேலை விசாவுக்கான பரிசீலனை நிற்காது என்று பலர் அசட்டையாக இருக்கிறார்கள். அலுவலகம் திறந்திருப்பது உண்மைதான். ஆனால் எச்1பி மனுவோடு இணைக்க வேண்டிய ஊதியச் சான்றிதழைத் தருவது தொழிலாளர் துறை, அது மூடிவிடும். 2025 அக்டோபரில் அப்படித்தான் புதிய சான்றிதழ்கள் கிடைக்காமல் நின்றன. அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபர் 1ஆம் தேதி தொடங்குகிறது. அதையொட்டி விசா நீட்டிப்பு இருந்தால், அந்தச் சான்றிதழை செப்டம்பருக்குள் வாங்கி வைக்கும்படி நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.